ஸ்டேஷன் வாசலில் ஓட்டிக் காட்டிய இன்ஜின்

போன மாதம் சேலத்திலிருந்து ஒரு தம்பி போனில் கூப்பிட்டார். கல்லூரி மாணவர்களுக்கு மாதிரி விமானம் கட்டவும் ஓட்டவும் கற்றுத்தரும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். ஓய்வு பெறும்வரை நான் பார்த்ததும் அதே வேலைதான். ஏதோ ஒரு பழைய வரைபடம் அவர் கைக்குக் கிடைத்திருக்கிறது. நாங்கள் கட்டிய அதே விமானம்.

"மேடம், இன்ஜினுக்கு மெத்தனால் வாங்கப் போனா கடைக்காரர் ஏற இறங்கப் பார்க்கிறார். பேட்டரி மோட்டார் போட்டுடலாம்னு இருக்கேன். எவ்வளவு பவர் வேணும்?"

சாராயத்தில் மெத்தனால் கலந்து எங்கள் கள்ளக்குறிச்சியில் அத்தனை பேர் செத்த பிறகு, அந்தப் பெயரைச் சொல்லி யாரும் எதையும் சுலபமாக வாங்க முடியாது. முதலில் எடையைப் போட்டுப் பாருங்கள், பிறகு புரொப்பெல்லர், கடைசியில்தான் பவர் என்றேன்.

"கொஞ்சம் ஜாஸ்தியாவே போட்டுட்டா சேஃப்தானே மேடம்?"

"இல்லைங்க" என்று சொல்லி, ஏன் இல்லை என்பதை விளக்கினேன். போனை வைத்த பிறகுதான் கரியராமன் ஞாபகம் வந்து, அன்று வேறு வேலை ஓடவில்லை. அந்தத் தம்பியிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அப்பா வேலை பார்த்த கல்லூரியில், அவர் இறந்த பிறகு எனக்கு ஸ்டோர் கீப்பர் வேலை கொடுத்தார்கள். மாணவர்களின் விமானப் பயிற்சிப் பிரிவுக்கென்று வேதியியல் கூடத்துக்குப் பின்னால் ஒரு அறை இருந்தது. பசை, மெல்லிய மரத்தகடு, பட்டுக் காகிதம், சின்னச் சின்ன இன்ஜின்கள். ஒரு வருஷம் எண்ணி எண்ணிக் கொடுத்தேன். அடுத்த வருஷம் நானே இறக்கை கட்டினேன். கற்றுக்கொண்டதை அதற்கு மேல் நீட்ட வேண்டியதில்லை.

பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ராஜமாணிக்கம். தியாகதுருகத்துக்காரர். விமானப்படையில் இன்ஜின் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் சார்ஜண்ட் சார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. தப்பாகச் செய்தால், "இன்னொரு தடவ" என்பார். சரியாகச் செய்தாலும் சில நாள் அதையேதான் சொல்வார். இன்ஜினைத் தொடுவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். ஓடும் இன்ஜினுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு காதால் மட்டும் கேட்பார்.

எங்கள் விமானங்கள் கம்பியில் பறப்பவை. ஓட்டுபவர் மைதானத்தின் நடுவில் நிற்பார். அவர் கையில் ஒரு பிடி. பிடியிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் விமானத்துக்குப் போகும். விமானம் அவரைச் சுற்றி வட்டமடிக்கும். மணிக்கட்டை மேலே மடக்கினால் மூக்கு ஏறும், கீழே மடக்கினால் இறங்கும். குட்டிக்கரணம், எட்டு, தலைகீழ் என்று எல்லா வித்தையும் அந்த மணிக்கட்டிலிருந்துதான். இன்ஜினின் வேகத்தைப் பறக்கும்போது மாற்ற வழியில்லை. தரையில் எப்படி வைத்து விட்டோமோ அப்படியே எண்ணெய் தீரும்வரை ஓடும். அதனால் எந்த விமானத்துக்கு எவ்வளவு பலம் என்பதைத் தரையிலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

கரியராமன் கல்வராயன் மலையிலிருந்து வந்தவன். வெள்ளிமலைக்கு அப்பால் இன்னும் உள்ளே நடந்து போகவேண்டிய ஊர். அரசு விடுதியில் தங்கி பௌதிகம் படித்தான். மலைச்சாதிப் பையன் என்று விடுதியில் கேலி செய்வார்கள். பதில் சொல்ல மாட்டான். பிடியைக் கையில் வாங்கினால் மட்டும் ஆளே மாறிவிடுவான். அவன் மணிக்கட்டைப் போல ஒரு மணிக்கட்டை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அவனுக்காகத்தான் அந்த விமானத்தைக் கட்டினோம். தடித்த இறக்கையும் நீண்ட மூக்குமாக, வெளிநாட்டில் எப்போதோ வரைந்த வடிவம். லேசான மரம் போதிய அளவு கிடைக்காமல் உடம்புக்கு வேறு மரம் போட்டதில் எடை ஏறிவிட்டது. எங்களிடம் இருந்த சின்ன இன்ஜினைப் பொருத்தி விட்டோம். சமமாகப் பறந்தது. ஆனால் தலைக்கு மேலே போனதும் கம்பி துவண்டது. கம்பி துவண்டால் விமானம் யார் பேச்சையும் கேட்காது. கரியராமன் பின்னாலேயே ஓடி ஓடிக் கம்பியை இழுத்துப் பிடித்துக் காப்பாற்றினான்.

சார்ஜண்ட் தன் பழைய சிநேகிதர் ஒருவரிடம் கேட்டுப் பெரிய இன்ஜின் ஒன்று வாங்கி வந்தார். மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்து குடிக்கும் இன்ஜின். அதைப் பொருத்தியதும் விமானம் சீறிக்கொண்டு பறந்தது. கல்லூரி முதல்வர் கைதட்டினார். சார்ஜண்ட் முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை.

"ஒரு கரணம் போட்டா வேகம் ஏறுது. ரெண்டாவதுல இன்னும் ஏறுது. மூணாவதுல இவன் ஓட்டல, அது இவன இழுத்துக்கினு போவுது" என்றார்.

பிறகு நடந்ததுதான் நான் கற்ற தொழில். புரொப்பெல்லரை மாற்றினோம். நீளம் அதிகம், சாய்வு குறைவு. "வெள்ளிமலை பஸ் மேட்டுல எந்த கியர்ல போவுது? அதான்" என்று சார்ஜண்ட் விளக்கினார். இன்ஜின் காற்று இழுக்கும் துவாரத்தில் சின்னப் பித்தளை வளையம் ஒன்றைச் செருகிக் குறுக்கினோம். நேராகப் பறந்தாலும் தலைகீழாகப் பறந்தாலும் ஒரே மாதிரி ஓடும்வரை எண்ணெய்த் தொட்டியை ஒரு அட்டைக் கனத்துக்கு உயர்த்துவதும் தாழ்த்துவதுமாக இருந்தோம். இன்ஜினுக்குப் போகும் எண்ணெயைக் கூட்டிக் குறைக்கும் ஊசியைத் திருகுவது கடைசி வேலை. சமமாகப் பறக்கும்போது இன்ஜின் சற்று எண்ணெய் மிகுந்து, தொண்டை கட்டியதுபோல் ஓட வேண்டும். மூக்கு மேலே ஏறியதும் சத்தம் தெளிந்து பலம் வர வேண்டும். இறங்கும்போது மறுபடி கட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் பறப்பதற்கு முன் வில் தராசைக் கம்பியில் மாட்டி இழுத்துப் பார்ப்போம். விமானத்தின் எடையைப்போலப் பத்து மடங்கு தாங்கவேண்டும். தாங்கினால் மறுபடி, "இன்னொரு தடவ."

ஒரு நாள் மாலை, சார்ஜண்ட் முதுகைக் காட்டி நின்று முழு ஓட்டத்தையும் கேட்டார். எண்ணெய் தீர்ந்து விமானம் இறங்கியது. அவர் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். அன்று அவர் இன்னொரு தடவை கேட்கவில்லை.

வெள்ளிமலைப் பள்ளியில் ஒருமுறை ஓட்டிக் காட்டினோம். மலையில் காற்று லேசு. அதே இன்ஜின் அங்கே இளைத்துவிட்டது. சார்ஜண்ட் பித்தளை வளையத்தைக் கழற்றி ஊசியைக் கொஞ்சம் உள்ளே திருகியதும் பலம் திரும்பியது. கரியராமனின் அப்பா சடையன் சாமைக் காட்டிலிருந்து அப்படியே வந்திருந்தார். மகன் எட்டுப் போடுவதை வாயைத் திறந்தபடி பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இத கத்துக்கினா சர்க்காருல வேல குடுப்பாங்களா தாயி?"

"விமானப்படைல எடுப்பாங்கங்க. மாநிலப் போட்டில ஜெயிச்சா சார்ஜண்ட் சாரே எழுதிக் குடுக்குறேன்னிருக்காரு."

அவர் சார்ஜண்டைப் பார்த்துக் கும்பிட்டார். சார்ஜண்டுக்குக் கூச்சமாகிவிட்டது.

அந்த ஆண்டு மழைக்காலத்துக்கு முன்னால்தான் சாலை மறியல் வந்தது. படிப்பிலும் வேலையிலும் தங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு ஒரு பெரிய சாதிச் சங்கத்தார் வட மாவட்டங்கள் முழுக்க இறங்கிவிட்டார்கள். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளினார்கள். பஸ் நின்றது. சில ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்தார்கள். சில ஊர்களில் சேரிக் குடிசைகள் எரிந்தன. யார் யாரை எங்கே பிடித்துப் போனார்கள் என்று தெரியாமல் வீட்டுக்கு வீடு அழுகை.

கல்லூரியை மூடினார்கள். விடுதியையும் மூடினார்கள். மகனை அழைத்துப் போக மலையிலிருந்து சடையன் நடந்தே இறங்கி வந்தார். மறியல் முடிந்ததும் மாநிலப் போட்டி. மலையிலேயே தினம் ஓட்டிப் பழகட்டும் என்று சார்ஜண்ட் விமானத்தை அவனிடம் கொடுத்தனுப்பினார். விமானத்தைப் பழைய வேட்டியில் சுற்றினோம். கம்பிச் சுருள், பிடி, இன்ஜினைச் சூடேற்றும் பேட்டரி, எண்ணெய் பாட்டில் எல்லாம் ஒரு பையில். அப்பாவும் மகனும் கச்சிராயபாளையம் சாலையில் நடந்து போனார்கள்.

மறுநாள் காலை கல்லூரி வாசலில் சடையன் தனியாக நின்றுகொண்டிருந்தார். துண்டு கிழிந்திருந்தது.

"புடிச்சிக்கினாங்க தாயி. பாலத்தாண்ட. பையப் பிரிச்சிப் பாத்தாங்க. கம்பி கீது, பேட்டரி கீது, பாட்டில்ல சாராய வாடை அடிக்குது. பாலத்துக்கு குண்டு வெக்கப் போறியாடான்னு அடிச்சாங்க. நான் கால்ல வுழுந்தேன். என்னத் தொரத்திட்டாங்க."

சார்ஜண்ட் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் சலவைச் சட்டை போட்டு, முன்னாள் படைவீரர் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். நானும் சடையனும் கூட நடந்தோம். வழிநெடுக மரங்கள் விழுந்து கிடந்தன. ஒரு மரத்தடியில் மறியல்காரர்கள் நிறுத்தினார்கள்.

"எங்கப் போறீங்க?"

"ஸ்டேஷனுக்கு. எங்க பையன புடிச்சி வெச்சிருக்காங்க" என்றேன்.

வழி விட்டார்கள். கிளைகளை விலக்கி என்னைக் கைதூக்கி இறக்கிவிட்டவனுக்கு என் வயதுதான் இருக்கும். சற்று தூரம் கூடவே வந்தான்.

"அக்கா, எங்கண்ணனும் அங்கதான் கீறான். பச்ச சட்ட. எங்க யாரையும் உள்ள வுட மாட்டாங்க. உயிரோட கீறானான்னு மட்டும் பாத்துட்டு வாங்கக்கா."

எந்த ஸ்டேஷன் என்று எழுதப்போவதில்லை. இப்போது அங்கே வேறு கட்டடம், வேறு மனிதர்கள். அன்று வாசலில் மணல் வாளிகளுக்கு நடுவே, வேப்பமரத்தடியில் எங்கள் விமானம் கிடந்தது. ஒரு இறக்கை பூட்ஸ் காலில் மிதிபட்டு உடைந்திருந்தது. எண்ணெய் பாட்டிலைத் தள்ளி வைத்து அதைச் சுற்றிச் செங்கல் அடுக்கியிருந்தார்கள். பேட்டரியைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டருக்குப் பல நாள் தூக்கமில்லாத கண்கள். பயந்த மனிதர். அது எனக்கு அப்போது தெரியவில்லை, பிறகுதான் தெரிந்தது.

"பொம்ம ஏரோப்ளேன்றீங்க. பொம்மைக்கு எதுக்குய்யா எஃகுக் கம்பி?"

சார்ஜண்ட் விளக்கினார். நிதானமாக, வகுப்பில் சொல்வதுபோல. இன்ஸ்பெக்டர் பாதியில் நிறுத்தினார்.

"கதை வேணாம். இது இன்ஜின்னா, ஓட்டிக் காட்டுங்க."

சார்ஜண்ட் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். விமானத்தின் முன் மண்டியிட்டார். காற்றுத் துவாரத்தில் சேறு அடைந்திருந்தது. என் புடவை முந்தானையை எண்ணெயில் நனைத்துத் துடைத்தோம். மலையிலிருந்து இறங்கியதும் அந்தப் பித்தளை வளையத்தை மறுபடி மாட்டித்தான் வைத்திருந்தோம். இப்போது அதைக் காணோம். புரொப்பெல்லரில் ஒரு பக்கம் நுனி முறிந்திருந்தது. அப்படியே ஓட்டினால் அதிர்வில் இன்ஜின் பிய்ந்து யார் மேலாவது பாயும். சார்ஜண்ட் ஒரு கத்தி கேட்டார். கான்ஸ்டபிள்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் சமையல்காரர் அரிவாள்மணை ஒன்றைக் கொண்டுவந்தார். இத்தனை மாதம் இழைத்து இழைத்துச் சரிசெய்த புரொப்பெல்லரின் நல்ல நுனியையும், உடைந்த நுனிக்குச் சமமாக, அவர் அதில் வைத்து அறுத்தார். 

பேட்டரி இல்லை. ஒரு கான்ஸ்டபிளின் டார்ச்சிலிருந்து இரண்டு செல்லை வாங்கி, பக்கம் பக்கமாகச் சேர்த்து வயரை வைத்து நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு கையால் விமானத்தைத் தரையோடு அமுக்கினேன். சார்ஜண்ட் விரலால் புரொப்பெல்லரைச் சுண்டினார். ஒன்றுமில்லை. மறுபடி. திடீரென்று பின்னுக்கு உதைத்து விரலைக் கிழித்தது. ரத்தம் என் கையில் தெறித்தது.

"பாத்தீங்களா சார், ஓடாது" என்றது பின்னால் ஒரு குரல்.

சார்ஜண்ட் ஊசியைக் கொஞ்சம் திறந்தார். ரத்த விரலாலேயே சுண்டினார். இன்ஜின் பிடித்துக்கொண்டது.

குட்டையான புரொப்பெல்லர், குறுக்காத துவாரம். பாரமே இல்லாத அந்த இன்ஜின் ஊளையிட்டது. என் பற்கள் கூசின. ஒரு கான்ஸ்டபிள் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார். இன்ஸ்பெக்டர் காதைப் பொத்திக்கொண்டு போதும் போதும் என்று கையசைத்தார். சார்ஜண்ட் எண்ணெய்க் குழாயைப் பிடித்து நசுக்கினார். சத்தம் நின்றது.

"சரி. இன்ஜின்தான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

சடையன் கையெடுத்துக் கும்பிட்டு, "அப்ப இட்டுக்கினு போலாங்களா சாமி?" என்றார்.

இன்ஸ்பெக்டர் அவரைப் பார்க்கவில்லை. சார்ஜண்டிடம் சொன்னார். "நேத்தே எழுதியாச்சுங்க. வெடிபொருள் புடிச்சோம்னு மேல வயர்லெஸ்ல சொல்லியாச்சு. இனி நான் இல்லன்னு சொன்னா என் வேல போயிடும். கோர்ட்டுக்கு அனுப்பியே ஆகணும். அங்க சொல்லிக்குங்க."

"அப்பறம் எதுக்கு என்ன ஓட்டிக் காட்டச் சொன்னீங்க?" என்று சார்ஜண்ட் கேட்டார். அப்போதும் அவர் குரல் உயரவில்லை.

 "எனக்குத் தெரியணும்ல சார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

கரியராமனைப் பார்க்க மட்டும் விட்டார்கள். லாக்கப்பில் நிற்க இடமில்லாமல் ஆட்கள். கூட்டத்துக்குள்ளிருந்து கம்பிக்கு வந்தான். முகம் வீங்கியிருந்தது. வலது கையை இடது கையால் ஏந்திப் பிடித்திருந்தான். மணிக்கட்டு இருக்கவேண்டிய கோணத்தில் இல்லை.

அவன் சார்ஜண்டைத்தான் பார்த்தான். "சார், எண்ணெ பத்தாம ஓடுச்சே. சூடாயிருக்குமே."

"ஆமாண்டா. புரொப்பெல்லர் ஒடஞ்சிருந்துச்சு" என்றார். அப்படியே திரும்பி வெளியே போய்விட்டார்.

சடையன் கம்பிக்குள் கையை விட்டு மகனின் தலையைத் தடவிக்கொண்டே நின்றார். நான் கூட்டத்தில் பச்சைச் சட்டையைத் தேடினேன். சுவரோரம் ஒருவன் உட்கார்ந்திருந்தான். சட்டை பச்சைதானா என்று தெரியாத அளவுக்கு மண். "உங்க தம்பி கேட்டாரு" என்றேன். தலையை நிமிர்த்தி ஆட்டினான். திரும்பும் வழியில் மரத்தடியில் காத்திருந்தவனிடம் அதைச் சொன்னேன். அவன் சாலையிலேயே உட்கார்ந்து அழுதான்.

கரியராமனுக்கு ஜாமீன் கிடைக்கப் பல வாரம் ஆனது. அதற்குள் சிறையில் எலும்பு கோணலாகவே கூடிவிட்டது. பிடியைப் பிடிக்க முடியும், மணிக்கட்டை மேலே மடக்க முடியாது. மாநிலப் போட்டிக்கு எங்கள் கல்லூரியிலிருந்து யாரும் போகவில்லை.

போராட்டம் ஓய்ந்து பேச்சுவார்த்தை நடந்தது. பிடிபட்டவர்களின் வழக்குகளைத் திரும்பப் பெறச் சொல்லி அவர்களுடைய சங்கம் கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாகப் பலருக்கும் வழக்கு நீங்கியது. கரியராமன் போராட்டக்காரன் இல்லை. அவன் பெயரைச் சொல்லிக் கேட்க எந்தச் சங்கமும் இல்லை. வெடிபொருள் வழக்கு என்பதால் யாரும் அதைத் தொடவும் இல்லை. பச்சைச் சட்டைக்காரர் வீடு திரும்பினார். இவன் வாய்தாவுக்கு மலையிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தான்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் சார்ஜண்ட் சலவைச் சட்டையோடு வந்து சாட்சி சொல்லக் காத்திருப்பார். பெரும்பாலும் கூப்பிட மாட்டார்கள். அடுத்த தேதி போடுவார்கள். இதற்கிடையில் மலைவாழ் மக்களுக்கான இடத்தில் கரியராமனுக்கு ஒரு அரசு வேலை வந்தது. வழக்கு இருக்கிறது என்று போலீஸ் எழுதி அனுப்பியதில் அது போனது. விமானப்படைக்கான வயதும் தாண்டியது. பட்டப்படிப்பை அவன் முடிக்கவில்லை. சாமைக் காட்டில் அப்பாவோடு நின்றான். பிரிவின் பொறுப்பு என்னிடம் வந்தது. தீர்ப்புக்கு முந்தைய மழைக்காலத்தில் சார்ஜண்ட் இறந்துபோனார். அவர் சாட்சி பதிவாகவே இல்லை.

தீர்ப்பு நாளன்று கல்லூரியிலிருந்து நான் மட்டும் போயிருந்தேன். வழக்கு கூப்பிட்டதும் முடிந்ததும் தெரியவில்லை. நீதிபதி ஏதோ வாசித்தார், வக்கீல் தலையாட்டினார், கரியராமன் கூண்டிலிருந்து இறங்கி வந்தான். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. பஸ் நிலையத்துக்கு அவன், சடையன், நான் மூவரும் நடந்தோம். டீ வாங்கிக் கொடுத்தேன். கரியராமன் டம்ளரை இடது கையில் வாங்கிக்கொண்டு தள்ளிப் போய் நின்றான்.

சடையன் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அதற்குள் அவருக்குக் கண் மங்க ஆரம்பித்திருந்தது.

"ஜட்ஜய்யா இன்னா சொன்னாரு தாயி? எனக்கு ஒன்னும் வெளங்கல."

"விடுதலைன்னுட்டாருங்க. குத்தம் நிரூபிக்கப்படலன்னு சொல்லிட்டாரு."

அவர் அந்த வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். டீயைக் குடிக்கவில்லை.

"இவன் பண்ணலன்னு சொல்லலியா?"

"இல்லைங்க" என்றேன். "அப்படிச் சொல்ல மாட்டாங்க."

வெள்ளிமலை பஸ் வந்து நின்றது. கரியராமன் டம்ளரை வைத்துவிட்டு வந்து அப்பாவைக் கைப்பிடித்து எழுப்பினான்.